குணச்சித்திர நடிகர் என்பவர் யார்? ஒரு வேல்ஸ்காரரை வைத்துப் புரிந்துகொள்வோம்

1973 அக்டோபர் 31. பிபிசியில் ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற நகைச்சுவைத் தொடரின் புது எபிசோட் ஓடுகிறது. கதை நடப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இங்கிலாந்துக் கடலோரத்தில் ஒரு கற்பனை ஊரில். வயதாகிவிட்டதாலோ உடம்பு சரியில்லாததாலோ ராணுவத்தில் சேர முடியாதவர்கள், இன்னும் அழைப்பு வராத பையன்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் சேர்த்த உள்ளூர்க் காவல் படை அது. அவர்களிடம் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனையும் மாலுமிகளையும் கைதிகளாக ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பைக் என்ற பையன் ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். கேப்டன் அமைதியாகக் குறிப்பேட்டை எடுக்கிறார். போரில் ஜெயித்த பிறகு யார் யாரிடம் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். உன் பேரும் இதில் ஏறும், உன் பேர் என்ன என்று கேட்கிறார். பையனைக் காப்பாற்றும் பதற்றத்தில் படைத் தலைவர் மெயின்வாரிங் கத்துகிறார்: “சொல்லாதே, பைக்!”

பிரிட்டிஷ் டிவி நகைச்சுவை என்று பேச்சு வந்தாலே இந்த வரியை யாராவது சொல்லிவிடுவார்கள். சிரிப்பு மெயின்வாரிங்குக்குத்தான் விழுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு விழுவதற்கு எதிரே நிற்கும் கேப்டன் நிஜமாகவே பயமுறுத்த வேண்டும். இது காமெடி என்று தனக்குத் தெரியும் என்பதைக் கண்ணோரத்தில் துளி காட்டினாலும் ஜோக் செத்துவிடும். அந்தத் தொடரைப் பார்வையாளர்களை உட்காரவைத்துத்தான் பதிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கூடமே சிரிக்கிறது, அவர் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். அதே எபிசோடில் கைதிகளுக்குச் சாப்பாடு வாங்கும்போது, எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் சொதசொதவென்று இருக்கக் கூடாது, மொறுமொறுவென்று இளம்பழுப்பாக வேண்டும் என்று அவர் கேட்பார். சரணடைந்த ஊரில் வரி போடுவது போன்ற தோரணை.

அந்தக் கேப்டனாக நடித்தவர் ஃபிலிப் மேடாக். ஜெர்மானியர் இல்லை, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸைச் சேர்ந்தவர். அவரை வைத்துத்தான் குணச்சித்திர நடிகர் என்றால் என்ன என்று சொல்லப் போகிறேன்.

முதலில் சொல் விஷயம். ஆங்கிலத்தில் ‘கேரக்டர் ஆக்டர்’ என்பதைத்தான் நாம் குணச்சித்திர நடிகர் என்கிறோம். அழகான சொல். ஆனால் நம் காதில் அது விழுந்ததும் உருகி அழும் அப்பா, தியாகம் செய்யும் அண்ணன், நியாயம் பேசும் பெரியவர் இப்படித்தான் முகங்கள் வருகின்றன. ஆங்கிலச் சொல் இன்னும் அகலமானது. வில்லன், கோமாளி, பைத்தியக்கார விஞ்ஞானி, ஓட்டல் முதலாளி, நீதிபதி, கைதி எல்லாரும் அதில் அடக்கம். நாயக நடிகர் எந்தப் படத்தில் வந்தாலும் நாம் அவரைத்தான் பார்க்கப் போகிறோம். பாத்திரம் அவருக்கேற்ப வளைகிறது. குணச்சித்திர நடிகர் பாத்திரத்துக்கேற்பத் தன்னை வளைக்கிறார். வித்தியாசம் இதுதான். முகத்தின் அழகை விட அந்த முகத்தில் ஏதோ ஒரு தனித்தன்மை இருப்பது இந்தத் தொழிலில் முக்கியம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆஸ்கரில் ‘சப்போர்ட்டிங் ஆக்டர்’ என்று ஒரு விருது இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. அந்த விருது பாத்திரத்தின் அளவைப் பற்றியது. குணச்சித்திர நடிகர் என்பது ஆளைப் பற்றியது. பெரிய நட்சத்திரம் ஒருவர் ஒரு படத்தில் சின்ன வேடம் செய்து அந்த விருதை வாங்கலாம். அதனால் அவர் குணச்சித்திர நடிகர் ஆகிவிட மாட்டார். தமிழில் அதைத் துணை நடிகர் விருது என்று எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. நம் சினிமாக்காரர்கள் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவரையும் அல்லவா சொல்கிறார்கள்!

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு வேல்ஸ்காரர் உண்டு. ஹ்யூ கிரிஃபித். ஆங்கிள்சி தீவில் 1912இல் பிறந்தவர், முதலில் வங்கியில் குமாஸ்தா. 1959இல் வந்த ‘பென்-ஹர்’ படத்தில் குதிரைப் பைத்தியமான அரபு ஷேக்காக வருவார். தன் நான்கு வெள்ளைக் குதிரைகளைப் பிள்ளைகளைப் போலக் கொஞ்சுவார். அந்தப் படம் வாங்கிய 11 ஆஸ்கரில் ஒன்று அவருடையது. தேர்ப் போட்டியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புதர்ப் புருவமும் உருட்டும் விழியும்கூட நினைவிருக்கும். ஆனால் முகத்துக்குப் பழுப்பு நிறம் பூசி வேல்ஸ்காரரை அரபியாக்கியதை இன்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; படத்தை மறுபடி பார்க்கும்போது எனக்கும் அது உறுத்தியது. பிறகு 1966இல் ஆட்ரி ஹெப்பர்னுக்கு அப்பாவாக, போலி ஓவியம் வரைந்து விற்கும் உல்லாசப் பேர்வழியாக ஒரு படத்தில் வந்தார். அவர் பாணி எதையும் பெரிதாகச் செய்வது. மேடாக் அதற்கு நேர் எதிர். குரலைத் தாழ்த்தினால்தான் எதிராளி பயப்படுவான் என்று தெரிந்தவர்.

மேடாக் 1934 ஜூலையில் தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்ற ஊரில் பிறந்தார். ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய ஊர், சுற்றிலும் நிலக்கரி. அவர் குடும்பப் பெயர் ஜோன்ஸ். வேல்ஸில் ஜோன்ஸ் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துச் சொன்னால்தான் யாரென்று தெரியும். நடிக்க வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட மேடாக் என்பது வெல்ஷ் பழங்கதையில் வரும் ஓர் இளவரசனின் பெயர். கொலம்பஸுக்கு முந்நூறு வருஷம் முன்பே கப்பலேறி அமெரிக்கா போனதாகச் சொல்லப்படும் ஆள்.

நடிகராவதற்கு முன்னால் அவர் மொழிக்காரர். கார்டிஃபில் மொழிகள் படித்து, வியன்னா பல்கலைக்கழகம் போய், உரைபெயர்ப்பாளர் பயிற்சியில் பட்டயம் வாங்கினார். ஏழு மொழிகள் பேசுவார், ரஷ்யனும் ஸ்வீடிஷும் உட்பட. அரசியல்வாதிகள் பேசுவதைக் கூடவே நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை கொஞ்ச நாள் பார்த்தார். மனிதர் வெறுத்துப்போனார். அவர்கள் பேசுவதை எல்லாம் நம் வாயாலும் ஒரு தடவை சொல்வதென்றால் சும்மாவா? அப்புறம் லண்டனில் ராடா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நடிப்புக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஒரு குணச்சித்திர நடிகரின் தொடக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு 1965ஐப் பாருங்கள். அந்த வருஷம் ஜான் லெ காரேயின் உளவு நாவல் ஒன்று படமானது. பனிப்போர், பெர்லின் சுவர், மழையில் நனைந்த ஒற்றன். நாயகன் ரிச்சர்ட் பர்ட்டன், அவரும் தெற்கு வேல்ஸ்காரர்தான், பான்ட்ரிடிஃபென் என்ற ஊர்க்காரர். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதே படத்தில் மேடாக்கும் இருக்கிறார். அவர் பாத்திரத்தின் பெயர் ‘இளம் ஜெர்மன் அதிகாரி’. பெயர் என்று சொன்னது தப்பு, அது அடையாளம் மட்டுமே. அதே வருஷம் இன்னொரு படத்தில் அவர் ‘காவலர்’. அடுத்த வருஷம் வேறோர் உளவுப் படத்தில் வில்லனின் ‘ஆட்களில் ஒருவர்’. தெற்கு வேல்ஸிலிருந்தே கிளம்பிய இருவர். ஒருவருக்குச் சுவரொட்டியில் முகம், மற்றவருக்கு எழுத்து ஓடும்போது கடைசியில் ஒரு வரி.

இது தோல்வி என்று நினைத்தால் இந்தத் தொழில் பிடிபடாது. ஜெர்மன் உச்சரிப்பைப் பாடம் பண்ணிச் சொல்பவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். வியன்னாவில் வாழ்ந்து அந்த மொழியில் புழங்கியவர் ஆங்கிலத்தை ஜெர்மன்காரர் போலப் பேசினால் அது வேறு ரகம். எந்த மெய்யெழுத்து தடிக்கும், வாக்கியத்தில் எங்கே மூச்சு விழும் என்று அவருக்குத் தெரியும். போர் முடிந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் சினிமாவும் டிவியும் போர்க்கதைகளையும் உளவுக்கதைகளையும் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஜெர்மானியர்கள் தேவைப்பட்டார்கள். உரைபெயர்ப்பில் வெறுத்துப்போன மொழியறிவு இங்கே சோறு போட்டது. 1970இல் ‘மேன்ஹன்ட்’ என்ற, ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய பிரெஞ்சு ரகசியப் படையின் கதையில் நாஜி அதிகாரி லுட்சிக் அவர்தான்.

அந்தக் கால பிபிசி ஸ்டுடியோத் தொடர்கள் எடுக்கப்பட்ட விதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. வாரம் ஒரு கதை. நிரந்தர நடிகர்கள் நாலைந்து பேர் மாறாமல் இருப்பார்கள். அந்த வாரத்துப் பிரச்சினையைக் கொண்டுவரும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒத்திகைக்குக் கிடைப்பது சில நாட்கள். ஏதோ ஒரு பெரிய கூடத்தில், தரையில் டேப் ஒட்டிக் கதவு இங்கே, சுவர் அங்கே என்று அடையாளம் போட்டு நடித்துப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டுடியோவுக்குப் போய், பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, ஓரிரு நாளில் பதிவு முடிந்துவிடும். பார்வையாளர்களுக்கு நாயகனைப் பல மாதங்களாகத் தெரியும். விருந்தாளி நடிகர் மட்டும் வந்து நின்ற முதல் நிமிஷத்திலேயே ஒரு முழு மனிதராகத் தெரிய வேண்டும். தயங்கித் தயங்கிப் பாத்திரத்துக்குள் நுழைய நேரமில்லை. இதைத் தொடர்ந்து செய்யக்கூடியவர்களின் பெயர்களைத் தயாரிப்பாளர்கள் குறித்து வைத்துக்கொள்வார்கள், கால்ஷீட் கேட்டு மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள்.

மேடாக்கை அப்படி மறுபடி மறுபடி கூப்பிட்டது ‘டாக்டர் ஹூ’ என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொடர். 1966இல் அதன் சினிமா வடிவத்தில் கள்ளச்சந்தைக்காரர். டிவி தொடரில் 1968க்கும் 1979க்கும் இடையில் நான்கு கதைகள், நான்கு வெவ்வேறு ஆட்கள். ஒரே நடிகர் அல்லவா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. அதில் இரண்டை நான் இன்றும் பார்க்கச் சொல்வேன். 1969இல் வந்த பத்துப் பாகக் கதை ஒன்று. பூமியின் வெவ்வேறு காலத்துப் போர்களிலிருந்து சிப்பாய்களைக் கடத்திப்போய் மோதவிட்டுப் பயிற்சி கொடுக்கும் ஒரு கூட்டம். அதன் தலைவர் கதையின் பின்பாதியில்தான் தலைகாட்டுகிறார். தாடி, தடித்த மூக்குக்கண்ணாடி, மென்மையான குரல். அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து கத்திக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வருகிறார், கிட்டத்தட்டக் கிசுகிசுக்கிறார், அறையே அடங்குகிறது. மற்றவர்களின் கத்தலைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் இது.

இன்னொன்று 1976இல் வந்தது. சோலோன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். செத்த உடல்களின் பாகங்களை ஒட்டி ஓர் உடம்பு தயாரித்துவிட்டார். ஒரு நல்ல தலைதான் பாக்கி. தொடரின் நாயகனான டாக்டர் வந்து வாசலில் நிற்கிறார். சோலோனின் கண் அவர் தலையை அளக்கிறது. அபத்தமான கதை, மறுக்கவில்லை. ஆனால் மேடாக் அந்த மனிதரை உலகம் அங்கீகரிக்காத ஒரு திறமைசாலியாக நடிக்கிறார். விருந்தோம்புகிறார், புகழ்கிறார், வேலைக்காரனிடம் எரிந்து விழுகிறார். எந்த வில்லனும் தன்னை வில்லன் என்று நினைப்பதில்லை. சோலோனும் தன் வேலை கெடுகிறதே என்றுதான் தவிக்கிறார். அட்டைச் சுவர்களும் ரப்பர் அரக்கனும் நிறைந்த அந்த ஸ்டுடியோவில் நம்மைக் கடைசிவரை உட்காரவைப்பது அந்தத் தவிப்புதான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. ஒரு வேடத்தை நன்றாகச் செய்தால் அதையே திரும்பத் திரும்பத் தருவார்கள். முத்திரை குத்துவது என்கிறோமே, அதுதான். மேடாக் ஜெர்மன் அதிகாரியாக நிறையவே வந்தார். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: எந்த நாட்டுக்காரராக வேண்டுமானாலும் ஆக்கலாம் என்று நினைத்துவிடுவார்கள். 1971இல் பிபிசி எடுத்த, அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றிய ஒரு பழைய நாவலின் தொடர் வடிவத்தில் மகுவா என்ற ஹ்யூரான் இனத்தவர் வேடம் அவருக்கு. ஹ்யூரான் மொழியைக்கூடக் கொஞ்சம் கற்றுவைத்திருந்தவர் அவர். உழைப்பை மதிக்கலாம், ஆனாலும் கிரிஃபித்தின் பழுப்பு நிற முகத்துக்குச் சொன்னதுதான் இதற்கும். அன்றைய பிரிட்டிஷ் டிவியில் அந்த வேடத்துக்குப் பூர்வகுடி நடிகரைத் தேட வேண்டும் என்ற யோசனையே இருக்கவில்லை.

சரி, குணச்சித்திர நடிகர் கதைநாயகனாகவே முடியாதா? ஆகலாம். அந்த நாயகனே ஒரு விசித்திரமான ஆளாக இருந்தால் போதும். 1981இல் பிபிசி வேல்ஸ் ஒன்பது பாகங்களில் எடுத்த லாயிட் ஜார்ஜ் வாழ்க்கைத் தொடர் அப்படிப்பட்டது. எழுதியவர் எலைன் மார்கன், இயக்கியவர் ஜான் ஹெஃபின். லாயிட் ஜார்ஜ் 1916 முதல் 1922 வரை பிரிட்டனின் பிரதமர். வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷைத் தாய்மொழியாகக் கொண்டு அந்த நாற்காலிக்கு வந்த ஒரே ஆள். வேல்ஸின் செருப்புத் தொழிலாளி ஒருவர் வளர்த்த பையன், ஊர் வக்கீல், பேச்சால் கூட்டத்தைக் கட்டிப்போடுபவர், பணக்காரர்களுக்கு வரி போட்டு முதியோருக்கு ஓய்வூதியம் கொடுத்தவர். ‘வேல்ஸ் மந்திரவாதி’ என்று பட்டப்பெயர். வீட்டில் மனைவியும் அலுவலகத்தில் காதலியுமாகப் பல வருஷம் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவரும் அவரே.

அழகான நாயக நடிகரைப் போட்டிருந்தால் நமக்கு ஒரு தலைவரின் சிலை கிடைத்திருக்கும். மேடாக்கிடம் கிடைத்தது ஒரு மனிதர். மேடையில் கடவுள் பக்தி சொட்டப் பேசிவிட்டு, இறங்கும்போதே கூட்டத்தில் ஒரு பெண்ணைக் கண் தேடும். இருபது வருஷமாகப் பத்துப் பதினைந்து நிமிஷங்களில் ஒரு மனிதரைக் காட்டிப் பழகியவருக்கு ஒன்பது பாகம் கிடைத்தால் என்ன செய்வார் என்பதை அதில் பார்க்கலாம். அப்போது அவருக்கு 46 வயது. அரசியல்வாதிகளின் பேச்சைச் சலித்துக்கொண்டு மொழிபெயர்த்தவர் கடைசியில் அந்த நாட்டின் மிகச் சிறந்த பேச்சாளர் ஒருவராக நின்றார். தொடரின் தொடக்க இசை எனியோ மோரிகோனே என்ற இத்தாலிய இசையமைப்பாளர் முன்பே அமைத்திருந்த ஒரு மெட்டு. அது பிரிட்டிஷ் இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

அவருடைய கடைசிப் பெரிய வேலை தொழில்நுட்பமாகவே சுவாரசியமானது. வேல்ஸில் வெல்ஷ் பேசுபவர்கள் சிறுபான்மை. 2021 கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், ஏறக்குறைய 18 சதவீதம். வெல்ஷில் தனி டிவி அலைவரிசை தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து பிரிட்டிஷ் அரசு பின்வாங்கியபோது, க்வின்ஃபோர் எவன்ஸ் என்ற தலைவர் 1980இல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி என்ற அலைவரிசை தொடங்கியது. அலைவரிசை வந்தாயிற்று, ஆனால் இவ்வளவு சின்னக் கூட்டத்துக்காக மட்டும் செலவு பிடிக்கும் துப்பறியும் தொடர் எடுத்துக் கட்டுப்படியாகுமா?

ஒரே தொடரை இரண்டு மொழியில் எடுத்தார்கள். டப்பிங் இல்லை. ஒரு காட்சியை வெல்ஷில் நடித்து முடித்ததும், விளக்கும் கேமராவும் நின்ற இடத்தில் நிற்க, அதே நடிகர்கள் அதையே ஆங்கிலத்தில் நடிப்பார்கள். வெல்ஷ் வடிவம் உள்ளூருக்கு, ஆங்கில வடிவம் வெளியே விற்பதற்கு. வெல்ஷில் ‘ஆர் ஹெலிவர்’, அதாவது வேட்டைக்காரன்; ஆங்கிலத்தில் ‘எ மைண்ட் டு கில்’. மனைவியை இழந்து, ஒரு மகளோடு வாழும் துப்பறியும் அதிகாரி நோயல் பெய்ன் அதில் மேடாக்தான். 1990களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை ஓடியது. நடிகரின் பக்கத்திலிருந்து யோசித்தால் இது பெரிய தலைவலி. உணர்ச்சி உச்சத்துக்குப் போன காட்சியை உடனே வேறு மொழியில், வேறு தாளத்தில் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு மொழியில் வாக்கியக் கடைசியில் விழும் சொல் இன்னொன்றில் நடுவில் விழும். கோப்பையை வைக்கும் நேரம், திரும்பிப் பார்க்கும் நேரம் எல்லாம் மாறும். உரைபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கு இதை விடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்க முடியாது. பின்னால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ‘ஹின்டர்லேண்ட்’ போன்ற வேல்ஸ் தொடர்களும் இதே வழியில் எடுக்கப்பட்டவைதான்.

நடுவில் பிபிசி வானொலியில் காட்ஃபேல் என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு வெல்ஷ் துறவியாக, மூலிகைத் தோட்டமும் கொலை வழக்குமாகக் குரல் கொடுத்திருக்கிறார். முகமே தெரியாத வேலை அது. ஒரு வேடிக்கை: ‘மேடாக்’ என்ற பெயரைக் கேட்டதும் பல பிரிட்டிஷ் வீடுகளில் முதலில் நினைவுக்கு வந்தவர் அவர் இல்லை. முன்னாள் மனைவி ரூத் மேடாக், 1980களில் ‘ஹை-டி-ஹை’ நகைச்சுவைத் தொடரால் அவரைவிடப் பிரபலமானார்.

ஃபிலிப் மேடாக் 2012 மார்ச் 5 அன்று, 77 வயதில் இறந்தார். அவரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் டாட்ஸ் ஆர்மி எபிசோடிலிருந்தே தொடங்கலாம், அரை மணி நேரம்தான். பிறகு சோலோன், பிறகு லாயிட் ஜார்ஜ். அந்த டாட்ஸ் ஆர்மி எபிசோடை முடிக்கும்போது உடனே அணைத்துவிடாமல், கடைசியில் ஓடும் எழுத்துகளையும் பாருங்கள். எல்லாருடைய பேரையும் கேட்டுக் கேட்டுப் பட்டியலில் ஏற்றிய அந்த மனிதருக்கு அங்கே பேர் கிடையாது. ‘நீர்மூழ்கிக் கேப்டன்’ என்று மட்டும்தான் இருக்கும்.